பனிப்பாளத்தைத் துளைக்கும் துறப்பணம்

கடலிலும் குளத்திலும் மீன் பிடிக்கச் செல்வோர் வள்ளமேறிச் செல்வர். அன்றேல் கரையில் நின்று தூண்டில் எறிவர். வடபுலத்து நாடுகளிலோ ஆண்டிற் சில மாதங்களுக்கு மீன்பிடிப்போர் நீரின்மேல் நடந்தே செல்கின்றனர். பின்லாந்து, சுவீடன், ருசியா, கனடா, ஐக்கிய அமெரிக்காவின் வட மாநிலங்கள் ஆகியவற்றில் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை பல ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து, கருங்கல் பாவிய முற்றம்போற் கிடக்கும். அதன் கீழே, இருண்ட குளிர்நீரில், மீன்கள் உயிரோடு உலாவுகின்றன. மேலே மனிதன், கீழே மீன், இடையில் ஓரடி, ஈரடி, சிலவிடங்களில் மூன்றடிக்கு மேலும் தடித்த பனிப்பாளம்.

இத்தகைய இடத்தில் மீன்பிடிப்போனுக்கு முதலில் வேண்டுவது தூண்டிலுமன்று, இரையுமன்று. பனிக்கட்டியைத் துளைக்கும் கருவியே. நம் தச்சர் மரத்தைத் துளைக்கும் கருவியைத் துறப்பணம் என்கிறோம். அப்பெயரையே ஏற்று இதனைப் பனித் துறப்பணம் என வழங்கலாம். இதனை வாங்கச் செல்வோன் கடையில் திகைத்து நிற்பது இயல்பு. கையாற் சுழற்றுவதும், மின்கலத்தாற் சுழல்வதும், பெற்றோல் எந்திரம் பூட்டியதுமாகப் பலவகைத் துறப்பணங்கள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். விலையோ சில பத்து டொலர் முதற் பல நூறு டொலர் வரை ஏறிச் செல்லும்.

இவற்றுள் எது நல்லது? பெரியதே நல்லது, விலை கூடியதே சிறந்தது என்று எண்ணுவோர் பலர். ஆனால் உரைகல் வேறு. “இன்னுமொரு துளை இடுவோமா?” என்று எண்ணும்போது எந்தக் கருவி கைக்கும் மனத்திற்கும் சலிப்புத் தராதோ, அதுவே அவனுக்கு உகந்த கருவி. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று மீனைப் பற்றியது. மற்றையது உயிரைப் பற்றியது.

ஏரி அடிவரை உறையாதது ஏன்?

பெரும்பாலான பொருள்கள் குளிரக் குளிரச் சுருங்கி அடர்த்தி மிகும். நீரும் 4 பாகை செல்சியஸ் வரை அவ்வாறே சுருங்குகின்றது. அதற்குக் கீழே குளிரும்போது அது மீண்டும் விரியத் தொடங்குகின்றது. உறைந்து பனிக்கட்டியாகும்போதோ அதன் கனவளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகிவிடுகின்றது. எனவே பனிக்கட்டி நீரில் மிதக்கின்றது. 4 பாகை அளவிலுள்ள அடர்த்தி மிக்க நீர் ஏரியின் அடியிலே தங்குகின்றது. மேலே படர்ந்த பனிப்பாளம் போர்வைபோல் நின்று, கீழுள்ள நீரின் வெப்பம் விரைவில் வெளியேறாது காக்கின்றது. நீரின் இந்த விந்தைக் குணம் இல்லையாயின் வடநாட்டு ஏரிகள் அடிவரை உறைந்து, மீன்குலமே அழிந்திருக்கும்.

மீனின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகவே குளிர்காலத்தில் அதன் உடலியக்கம் மந்தமாகின்றது. அது குறைவாகவே உண்ணும்; குறைவாகவே நகரும். இரையைத் தேடி நெடுந்தூரம் வராது. மீன் மனிதனை நாடி வாராதெனின், மனிதனே மீனை நாடிச் செல்லல் வேண்டும். ஒரே துளையருகே நாள் முழுவதும் குந்தியிருப்பவனைவிட, ஏரியின் மேடுபள்ளங்களை உய்த்துணர்ந்து, பத்துத் துளை, இருபது துளை என இட்டு இடம் மாறுபவனுக்கே மீன் அகப்படும் வாய்ப்பு அதிகம். முன்னர்க் கூறிய முதற் காரணம் இதுவே.

அலவாங்கிலிருந்து துறப்பணம் வரை

பனியைத் துளைத்து மீன்பிடிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. வடதுருவத்தை அண்டி வாழும் இனுயிற் மக்கள் நீண்ட கோலின் முனையிற் கூரிய எலும்பையோ, கொம்பையோ, தந்தத்தையோ பொருத்திப் பனியைக் குத்தித் துளைத்தனர். பிற்காலத்தில் அம்முனை இரும்பாயிற்று. நம் ஊர்களில் நிலத்தைக் கிளறப் பயன்படும் அலவாங்கை இது ஒத்தது. இன்றும் பனி அலவாங்கு வழக்கொழிந்து போகவில்லை. அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

குத்துவதைவிடத் திருகுவது இலகு என்பதை உணர்ந்தபோது துறப்பணம் பிறந்தது. அதன் அமைப்பு எளியது. அடியில் நடுவே ஒரு கூர்முனை. அது துறப்பணம் வழுக்காது ஓரிடத்தில் நிற்கச் செய்யும். அதன் இருமருங்கும் இரண்டு அலகுகள். அவை பனியைச் சீவும். மேலே தண்டைச் சுற்றி ஏணிப்படிபோல் வளைந்தேறும் ஒரு திருகு தகடு. நீரை மேலேற்றும் ஆர்க்கிமிடீசின் திருகைப்போல அது சீவிய பனித்தூளை மேலே கொண்டுவந்து கொட்டும். உச்சியில் வளைந்த கைபிடி. ஒரு கை மேலிருந்து அழுத்த, மறு கை சுழற்றும்.

கத்திகளுக்குப் பேர்பெற்ற சுவீடன் நாட்டு மோரா என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய கைத்துறப்பணம் ஒன்று உண்டு. கரண்டிபோற் குழிந்த அதன் அலகுகள் பலநாட்டாராலும் விரும்பப்பட்டன. பின்னர் அமெரிக்காவிற் பெற்றோல் எந்திரம் பூட்டிய துறப்பணங்கள் பரவின. 2010ஆம் ஆண்டுகளில் லிதியம் மின்கலத்தால் இயங்குவன கடைகளில் இடம்பிடித்தன. பின்லாந்திலோ ஒற்றைத் தூண்டிலோடு பனியில் மீன்பிடித்தல், அனுமதிக் கட்டணம் எதுவுமின்றி எல்லோர்க்கும் உள்ள பொதுவுரிமையாகும். ஆங்கு இலேசான கைத்துறப்பணத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குச் செல்லும் முதியோரையும் சிறுவரையும் இன்றும் காணலாம்.

துளையின் விட்டமும் கணக்கும்

துறப்பணம் வாங்குவோன் முதலில் முடிவு செய்யவேண்டியது அதன் விட்டமாகும். பெரும்பாலும் 5, 6, 8, 10 அங்குல விட்டங்களிற் கருவிகள் கிடைக்கின்றன. மஞ்சட் பேர்ச் போன்ற சிறு மீன்களுக்கு 5 அல்லது 6 அங்குலம் போதும். வோலாய் எனப்படும் பெரிய கண்களையுடைய சுவைமிகு மீனுக்கு 8 அங்குலத்தைப் பலர் விரும்புவர். வட பைக், ஏரி ட்ரவுட் முதலிய பெருமீன்களைக் குறிவைப்போர் 10 அங்குலத்தை நாடுவர்.

இங்கே மாணவர் நினைவிற் கொள்ளவேண்டிய கணக்கொன்று உண்டு. வட்டத்தின் பரப்பு அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு ஏற்பப் பெருகும். 6, 8, 10 ஆகியவற்றின் வர்க்கங்கள் முறையே 36, 64, 100. அஃதாவது, 8 அங்குலத் துளை 6 அங்குலத் துளையிலும் பார்க்க இரண்டே அங்குலம் பெரிதாயினும், அதற்காகச் சீவவேண்டிய பனி ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகும். 10 அங்குலத் துளைக்கோ இரண்டேமுக்கால் மடங்கு சீவவேண்டும்.

இதனை நிறையிற் கூறுவோம். 20 அங்குலத் தடிப்புள்ள பனிப்பாளத்தில் 6 அங்குலத் துளை ஒன்றிட ஏறத்தாழ 19 இறாத்தற் பனியை வெளியேற்றல் வேண்டும். 8 அங்குலமாயின் 33 இறாத்தல். 10 அங்குலமாயின் 52 இறாத்தல். நாளொன்றுக்கு இருபது துளை இடுபவன், சிறிய துறப்பணத்தால் 375 இறாத்தல் அளவிலும், பெரிய துறப்பணத்தால் 1,000 இறாத்தலுக்கு மேலும் பனியைச் சீவுகின்றான். கையாற் சுழற்றுவோனுக்கு இவ்வேறுபாடு தோளில் தெரியும். மின்கலத்தால் இயக்குவோனுக்கு, எத்தனை துளையோடு மின்கலம் ஓய்கின்றது என்பதில் தெரியும்.

பெரிய துளைக்கு வேறொரு குறையும் உண்டு. 10 அங்குலத் துளையிற் சிறுவரின் கால் இலகுவிற் புகும். ஆகவே கைவிட்ட துளையருகே பைன் மரக்கிளை ஒன்றை நட்டு அடையாளம் வைப்பது நல்லோர் வழக்கம். சில இடங்களில் துளையின் அளவைச் சட்டமே வரையறுக்கின்றது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் தூண்டிலிடும் துளை 12 அங்குலத்தை மிஞ்சலாகாது.

சீவும் அலகும் கொத்தும் அலகும்

விட்டத்திற்கு அடுத்தபடி நோக்கவேண்டியது அலகு. இருவகை அலகுகள் உள. ஒருவகை, தச்சனின் சீவுளியைப்போல வழவழப்பான நேர்விளிம்புடையது. அது பனியை மெல்லிய இழைகளாகச் சீவித் தள்ளும். குறைந்த பலத்தில் விரைந்து துளைப்பதால் கைத்துறப்பணத்திற்கு இதுவே ஏற்றது. ஆயினும் இது மென்மையான இயல்புடையது. பனியில் உறைந்துள்ள மணலோ சேறோ பட்டால் உடனே மழுங்கிவிடும். உறைந்து மூடிக்கொண்ட பழைய துளையை மீண்டும் திறக்கப் புகுந்தால் இது சிக்கிக்கொள்ளும். பாய்ச்சலாய்த் திரும்பி மணிக்கட்டையும் முறுக்கிவிடும்.

மற்றையது வாள்போற் பற்களுடைய கொத்தும் அலகு. இது பனியை நொறுக்கிக்கொண்டு செல்லும். இதற்கு எந்திரத்தின் பலம் வேண்டும். ஆனால் அழுக்குப் பனிக்கும், பழைய துளைகளைத் திறப்பதற்கும் இதுவே உகந்தது. ஒரே குடிசையில் நாள்தோறும் மீன்பிடிப்போர் இதனை விரும்புவதன் காரணம் இதுவாகும்.

எவ்வகையாயினும், மழுங்கிய அலகோடு கூடிய விலையுயர்ந்த துறப்பணத்தைவிடக் கூரிய அலகோடு கூடிய மலிவான துறப்பணமே மேல். சீவும் அலகின் சாய்கோணம் நுட்பமாக அமைக்கப்பட்டது. வீட்டில் அரத்தால் தீட்டப்புகுந்தால் அக்கோணம் மாறி, அலகு பனியைக் கவ்வாது வழுக்கும். எனவே மாற்று அலகு ஒரு சோடி தாராளமாகக் கிடைக்கும் கருவியையே வாங்குதல் அறிவுடைமை.

கையா, எந்திரமா?

கைத்துறப்பணம் இலேசானது, ஓசையற்றது, எரிபொருளோ மின்கலமோ வேண்டாதது. எத்தகைய கடுங்குளிரிலும் அது இயங்க மறுப்பதில்லை. கூரிய அலகுள்ள 6 அங்குலக் கருவி ஓரடித் தடிப்புள்ள பனியை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் துளைத்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில், பனி மெல்லியதாயிருக்கும் காலத்தில், இதற்கு மிஞ்சியது இல்லை. பனி ஈரடியைத் தாண்டும் மாசி மாதத்திலோ ஐந்தாறு துளைகளிலேயே உடல் வியர்த்துவிடும். குளிர்நாட்டில் வியர்வையால் நனைந்த உடை ஆபத்தானது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பெற்றோல் எந்திரம் பூட்டிய துறப்பணம் மிகுந்த ஆற்றல் வாய்ந்தது. தடித்த பனியிற் பெருந்துளைகள் பல இடுவோருக்கு அது உதவும். ஆனால் பாரமும் ஓசையும் புகையும் அதனோடு சேர்ந்தே வரும். இருமனிதர் தூக்குமாறு சறுக்குவண்டியில் ஏற்றிச் செல்லவேண்டியனவும் உண்டு. கூடாரத்தினுள்ளே அதனை இயக்குதல் கூடவே கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நிறமும் மணமும் அற்றது. அறியாமலே உயிரைக் கொள்வது.

லிதியம் மின்கலத் துறப்பணம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பொத்தானை அழுத்தியதும் சுழலும், புகையில்லை, ஓசையும் குறைவு. இதன் பகை குளிர். மின்கலம் குளிர்ந்தால் அதன் கொள்திறன் குறைந்துவிடும். எனவே துளையிடும் வேளை தவிர்ந்த நேரங்களில் மின்கலத்தை மேலங்கியின் உட்பையில் வைத்துக் காப்பது வழக்கம்.

சிக்கனம் விரும்புவோர் கையாளும் வழியொன்றும் உளது. தச்சுவேலைக்காக வீட்டிலுள்ள மின்கலத் துளைகருவியின் வாயில், இலேசான துறப்பணத் தண்டைப் பொருத்திக்கொள்ளலாம். இதற்கு முறுக்குவிசை மிக்க, அரை அங்குலத் தண்டைப் பற்றக்கூடிய கருவி வேண்டும். பக்கக் கைபிடியும் அவசியம். துளைகருவியின் வாய் நெகிழ்ந்துவிட்டால் துறப்பணம் நழுவி ஏரியின் அடிக்குப் போய்விடும். ஆதலின் துளையிலும் அகன்ற வட்டத் தகடொன்றைத் தண்டின் மேற்புறத்தில் மாட்டிக்கொள்வர். சிறிய தகடு, ஆயினும் துறப்பணத்தை இழவாது காப்பது அதுவே.

உயிர் காக்கும் அளவுகோல்

இனி இரண்டாவது காரணத்துக்கு வருவோம். துறப்பணம் மீனுக்கு வாயில் திறக்கும் கருவி மட்டுமன்று. காலடியிலுள்ள பனியின் தடிப்பை அளந்தறியும் கருவியுமாகும்.

புதிதாய் உறைந்த, தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிப்பு இருந்தாலன்றி அதன்மேல் நடத்தலாகாது என்பது மினசோட்டா மாநில இயற்கைவளத் திணைக்களத்தின் அறிவுரை. பனிமோட்டார் வண்டிக்கு 5 முதல் 7 அங்குலம் வேண்டும். இவ்வளவுகள் தெளிந்த பனிக்கே பொருந்தும். பனிமழையில் நீர் ஊறி உறைந்த வெள்ளைப் பனி, காற்றுக் குமிழிகள் நிறைந்தது. அதன் வலிமை ஏறத்தாழப் பாதியே. ஆகவே அங்கே இருமடங்கு தடிப்பு வேண்டும்.

ஒரே ஏரியில் எங்கும் ஒரே தடிப்பு இருப்பதில்லை. ஆறு வந்து கலக்கும் இடம், ஊற்றுக்கண் உள்ள இடம், பாலத்தின் கீழ், நாணற்புதரின் அருகு ஆகிய இடங்களிற் பனி மெலிந்திருக்கும். ஆதலின் அனுபவசாலிகள் முன்னே அலவாங்கால் ஓங்கிக் குத்திக் குத்தி நடப்பர்; குத்திய வேகத்தில் அது ஊடுருவினால் அக்கணமே வந்த வழியே திரும்புவர். 150 அடிக்கு ஒருமுறையேனும் துறப்பணத்தால் துளைத்து, முனை வளைந்த அளவுகோலை உட்செலுத்தித் தடிப்பை அளந்து பார்ப்பர்.

இங்கேதான் கருவியின் தெரிவு உயிரோடு தொடர்புறுகின்றது. பாரமான, இயக்கச் சிரமமான துறப்பணத்தை வைத்திருப்பவன் “போன கிழமை இங்கே நடந்தோமே, இன்று அளப்பானேன்?” என்று சோம்புவான். இலேசான, கூரிய துறப்பணத்தை உடையவன் தயங்காது அளப்பான். அந்தத் தயக்கமின்மைக்கு விலை கூற இயலாது.

துறப்பணம் சொல்வது தடிப்பை மட்டுமே. காற்றையும் நீரோட்டத்தையும் அது சொல்லாது. 2009ஆம் ஆண்டு மாசி மாதத்தில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தை ஒட்டிய ஈரி ஏரியிற் பரந்த பனிப்பாளம் ஒன்று கரையினின்றும் பிளந்து விலகிற்று. நூற்றுக்கு மேற்பட்ட மீன்பிடிப்போர் அதன்மேல் அகப்பட்டு மீட்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். 2023 டிசெம்பர் 29ஆம் நாள் மினசோட்டாவின் மேல் சிவப்பு ஏரியிலும் அவ்வாறே பனிப்பாளம் கரையைவிட்டு நகர, நூற்றுக்கு மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். எனவே வானிலை அறிக்கை கேட்டல், தனியே செல்லாமை, மிதவை அங்கி அணிதல், நீரில் வீழ்ந்தால் பனி விளிம்பைப் பற்றி ஏறுவதற்குக் கழுத்தில் இரு கூராணிகளைத் தொங்கவிடுதல் ஆகியனவும் இன்றியமையாதன.

யாருக்கு எது?

நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள ரொறன்ரோ நகருக்கு வடக்கே, ஏறத்தாழ ஒருமணி நேர மோட்டார்ப் பயணத்தில், சிம்கோ ஏரி உளது. குளிர்காலத்தில் அதன்மேற் சிறு குடிசைகள் ஊர்போல் எழும். பேர்ச், வெண்மீன், ஏரி ட்ரவுட் ஆகியன அங்கே பிடிபடும். குடிசைகளை நாள்வாடகைக்கு விடுவோர் துளைகளையும் இட்டுத் தருவர். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளோடு வேடிக்கை பார்க்கச் செல்லும் குடும்பத்திற்குச் சொந்தத் துறப்பணமே வேண்டியதில்லை. வாடகைக் குடிசையும், உரிய மீன்பிடி அனுமதிப்பத்திரமும் போதும்.

மாதம் இருமுறை சென்று சிறுமீன் பிடிப்போனுக்கு 6 அங்குலக் கைத்துறப்பணம் பொருந்தும். வீட்டில் வலிமையான மின் துளைகருவி உள்ளவன் அதற்கேற்ற தண்டை வாங்கினால் தோளும் பணமும் மிஞ்சும். வோலாயைத் தேடி நாள் முழுதும் இடம் மாறுபவனுக்கு 8 அங்குல மின்கலத் துறப்பணம் ஏற்றது. மூன்றடிப் பனியுள்ள வடகனடா ஏரிகளிற் பெருமீன் தேடுவோனுக்கே 10 அங்குலமும், நீட்டுத் தண்டும், ஆற்றல் மிக்க எந்திரமும் தேவைப்படும். கடையில் வாங்குமுன் கருவியைக் கையில் தூக்கிப் பார்த்தல் வேண்டும். அரைக்கல் தூரம் பனியில் அதனைச் சுமந்து நடக்க இயலுமா என்று தன்னையே கேட்டல் வேண்டும்.

பேணும் முறை

நீர் தெறித்த அலகின்மேல் மெல்லிய பனிப்படலம் உறைந்துவிட்டால் எவ்வளவு கூரிய அலகும் வெட்டாது. அப்போது அதனைப் பனித்தரையில் தட்டி உதிர்க்க முயல்வது பெருந்தவறு, விளிம்பு ஒடிந்துவிடும். துளையிலிருந்து எடுத்ததும் உதறி நீரை வடித்துவிடுதலே முறை. வேலை முடிந்ததும் அலகுக்கு உறை இடல் வேண்டும். அவ்வுறை அலகை மட்டுமன்றிச் சுமப்பவனின் காலையும் காக்கும். வீடு திரும்பியதும் ஈரம் துடைத்து, சிறிது எண்ணெய் பூசி, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும். நம் வீட்டுக் கண்ணகப்பையை ஒத்த துளைக்கரண்டி ஒன்றும் கூடவே இருத்தல் நன்று. துளையில் மிதக்கும் பனித்தூளை அள்ளி எறிய அதைவிடச் சிறந்தது வேறில்லை.

கருவியைத் தெரிதல் என்பது எத்தொழிலுக்கும் பொதுவான அறிவு. தன் வலிமையையும், தான் நாடும் பயனையும், தான் நிற்கும் இடத்தின் இயல்பையும் அறிந்தவனே பொருத்தமான கருவியைத் தெரிவான். மீன் அகப்படாத நாளில் வெறுங்கையோடு வீடு திரும்புவது இழுக்கன்று. காலடிப் பனியை அளந்து நடந்து, மாலையிற் பத்திரமாகப் பிள்ளைகளிடம் திரும்புவதே அவ்வடநாட்டார் போற்றும் முதல் வெற்றி.